ஒஸ்கார் வைல்டின் கடன்

ஒஸ்கார் வைல்ட் என்ற பெயரைக் கேட்டவுடன் சிலருக்குப் பொற்றகடு போர்த்த இளவரசன் சிலையையும் அதன் காலடியில் உயிர்விட்ட குருவியையும் பற்றிய கதை நினைவுக்கு வரும். சிலருக்கு அவருடைய நாடகங்களில் துள்ளிவரும் நகைச்சுவை நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு அவர் அநுபவித்த சிறைவாசம் நினைவுக்கு வரும். எனக்கோ 677 பவுண் என்ற ஒரு தொகையே முதலில் நினைவுக்கு வருகிறது. இது வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இளமையிலே சில ஆண்டுகள், அந்நாளில் பிறக்கிராசியார் என்று நாம் அழைத்த ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து, வழக்குச் செலவுப் பத்திரங்களைப் பிரதி பண்ணியே விரல் காய்த்துப்போனவன் நான். பெரியார் ஒருவருடைய சரித்திரத்தைப் படிக்கும்போதுகூட, அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டியிருந்தது, கடைசியில் அதைக் கொடுத்தவர் யார் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் என்னைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

வைல்டின் வரலாற்றை எழுதியோர் பலர். அவர்கள் 1895ஆம் ஆண்டில் நடந்த மூன்று வழக்குகளையும் விரிவாக எழுதுவர். அதே ஆண்டின் பிற்பகுதியில் நடந்த நான்காவது நடவடிக்கையாகிய வங்குரோத்து விசாரணையைச் சில வரிகளில் முடித்துவிடுவர். அதிலே பரபரப்பு ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆயினும், இரண்டு ஆண்டுச் சிறை அவருடைய உடம்பைத்தான் பூட்டி வைத்தது. வங்குரோத்தோ அவருடைய நூல்களையும் வருமானத்தையும் பிள்ளைகளின் உரிமையையும் பதினொரு ஆண்டு பூட்டி வைத்தது. அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்தப் பூட்டுத் திறந்தது.

வைல்ட் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே பிறந்தார். தந்தையார் சேர் வில்லியம் வைல்ட் கண், காது வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்றவர். தாயார் ஜேன் சீமாட்டி ஸ்பெரன்சா என்ற புனைபெயரில் அயர்லாந்தின் விடுதலைக்காகக் கவிதை பாடியவர். புகழுக்குக் குறைவில்லாத அந்த வீட்டிலே பணத்துக்கு மட்டும் நிதானம் இருக்கவில்லை. 1876ஆம் ஆண்டில் தந்தையார் காலமானபோது, குடும்பம் எதிர்பார்த்த செல்வத்திற்குப் பதிலாக ஈடுவைத்த ஆதனங்களும் கடன்களுமே எஞ்சியிருந்தன. அக்காலத்தில் மகன் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையில் மக்டலன் கல்லூரி மாணவர். 1878ஆம் ஆண்டில் கவிதைக்கான நியூடிகேற் பரிசைப் பெற்றுப் பட்டதாரியாக வெளியேறினார். கையிலே காசு அதிகம் இல்லை. ஆனால் நாவிலே சரஸ்வதி இருந்தாள்.

1882ஆம் ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று அழகியலைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் கொன்ஸ்ரன்ஸ் லோயிட் என்ற பெண்மணியை மணந்தார். அந்தப் பெண்மணிக்குக் குடும்பச் சொத்து இருந்தது. அது விவாக உறுதியின்படி தருமகர்த்தர்களின் பொறுப்பில் விடப்பட்டது. தம்பதிகள் இலண்டனில் செல்சிப் பகுதியிலுள்ள டைற் வீதி 16ஆம் இலக்க வீட்டில் குடிபுகுந்தனர். கொட்வின் என்ற கட்டடக் கலைஞரைக்கொண்டு அவ்வீட்டின் உள்ளமைப்பை வைல்ட் புதிதாக்கினார். அதற்கான செலவுக்குத் தருமகர்த்தர்களிடமே ஆயிரம் பவுண் கடன் வாங்கினார். மனைவியின் சொத்திலிருந்து வாங்கிய அந்தப் பணம் பிற்காலத்தில் வட்டியுடன் எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பின்னே காண்போம். 1885இல் சிறில், 1886இல் விவியன் என இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தனர்.

அதன்பின் வந்த பத்து ஆண்டுகளை நான் விரிக்கவேண்டியதில்லை. சிறுகதைகளும் டோரியன் கிறே நாவலும் வந்தன. 1892ஆம் ஆண்டிலிருந்து நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. 1895 பெப்ரவரியில் இலண்டன் மாநகரின் இரண்டு பெரிய அரங்குகளில் ஒரே காலத்தில் அவருடைய நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. வருமானம் வெள்ளமாக வந்தது; அதைவிட வேகமாக வெளியேறியது. குவீன்ஸ்பெரிப் பிரபுவின் மகனாகிய அல்பிரட் டக்ளஸ் என்ற இளைஞரோடு கொண்ட நட்பிலே, 1892 இலையுதிர் காலம் தொடக்கம் கைதாகும் வரையில் ஐயாயிரம் பவுணுக்குமேல் செலவிட்டதாக வைல்ட் தாமே பின்னர் கணக்குச் சொல்லியிருக்கிறார். உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் வைத்த கடன் அதிலே சேரவில்லை. சவோய் விடுதிக்கும், தையற்காரருக்கும், நகை வியாபாரிக்கும், சிகரெட் விற்றவருக்கும் பாக்கி நின்றது. புகழ் உள்ளவரையில் வியாபாரிகள் பொறுப்பார்கள். புகழே ஒருவகைப் பிணை அல்லவா? அந்தப் பிணை முறிந்த அன்று எல்லோரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்.

குவீன்ஸ்பெரிப் பிரபு மகனுடைய நட்பைப் பொறாதவர். முரட்டுச் சுபாவம் உடையவர். 1895 பெப்ரவரி 18ஆம் திகதி வைல்ட் அங்கத்தவராயிருந்த சங்கம் ஒன்றுக்குச் சென்று, இழிவான குற்றச்சாட்டு ஒன்றை எழுத்துப் பிழையோடு எழுதிய அட்டை ஒன்றை விட்டுச் சென்றார். பத்து நாளின் பின்னரே அது வைல்டின் கையில் கிடைத்தது. அதைக் கிழித்து எறிந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். டக்ளஸோ தந்தையைக் கூண்டில் ஏற்றிப் பார்க்கத் துடித்தார். தம்மிடம் பணம் இல்லை என்று வைல்ட் தயங்கியபோது, செலவு முழுவதையும் தம் குடும்பம் மகிழ்ச்சியோடு ஏற்கும் என்று டக்ளஸ் உறுதி கூறினார் என்பதை, வைல்ட் சிறையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தால் அறிகிறோம். வாய்ச்சொல்லை நம்பி வழக்குத் தொடுத்தவர்களை நானும் கண்டிருக்கிறேன். பத்திரத்தில் எழுதப்படாத வாக்குறுதி தீர்ப்பு நாளுக்கு முன்னரே ஆவியாகிவிடும்.

வைல்ட் குவீன்ஸ்பெரிமீது அவதூறு வழக்குத் தொடுத்தார். ஏப்பிரில் 3ஆம் திகதி விசாரணை தொடங்கியது. குவீன்ஸ்பெரிக்காகத் தோன்றிய அப்புக்காத்து எட்வேட் காசன், டப்ளின் திரித்துவக் கல்லூரியில் வைல்டோடு ஒரே காலத்தில் படித்தவர். அவருடைய குறுக்கு விசாரணையில் வைல்டின் சாதுரியம் முதலில் மின்னிப் பிறகு மங்கியது. 5ஆம் திகதி வைல்டின் பக்கத்து அப்புக்காத்து சேர் எட்வேட் கிளாக் வழக்கை மீளப் பெற்றார். குவீன்ஸ்பெரி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அன்று மாலையே வைல்ட் கடோகன் விடுதியில் கைதுசெய்யப்பட்டார். ஆடவரோடு உறவு கொண்டார் என்பது குற்றம். 1885ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ் அது அக்காலத்தில் தண்டனைக்குரியதாக இருந்தது.

இவ்விடத்தில்தான் அந்த 677 பவுண் வருகிறது. ஆங்கில நாட்டிலே 1843ஆம் ஆண்டில் அவதூறு பற்றி ஒரு சட்டம் ஆக்கப்பட்டது. தனிமனிதர் ஒருவர் அவதூறுக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்துத் தோற்றால், எதிரி தன்னைக் காத்துக்கொள்வதற்குச் செய்த செலவை வழக்காளியே இறுக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. காசனுடைய கட்டணம், சாட்சிகளைத் தேடிய துப்பறிவோரின் கூலி, பத்திரச் செலவு எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறின. தம்மைச் சிறைக்கு அனுப்பிய சாட்சியங்களைத் திரட்டுவதற்கு ஆன செலவையும் வைல்டே கொடுக்கவேண்டும் என்றாயிற்று. தூக்குக் கயிற்றின் விலையைத் தூக்கில் தொங்குபவனிடம் கேட்பதுபோல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அதிலே பிழை சொல்லமுடியாது. வீண் வழக்குத் தொடுப்போரை அடக்குவதற்கு ஆக்கிய சட்டம் அது.

குவீன்ஸ்பெரி பணத்தைக் கேட்டார் என்ற செய்தி பரவியவுடன் மற்றைக் கடன்காரரும் விரைந்தனர். ஏப்பிரில் 24ஆம் திகதி, அதாவது முதற் குற்ற விசாரணை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, டைற் வீதி வீட்டின் பொருள்கள் எல்லாம் அவ்வீட்டிலேயே ஏலத்தில் விடப்பட்டன. நம் நாட்டில் பிஸ்கால் செய்யும் வேலையை அக்காலத்தில் அங்கே ஷெரிப் என்ற உத்தியோகத்தர் செய்தார். அன்று அங்கே பெருங்கூட்டம். வாங்க வந்தோரைக் காட்டிலும் வேடிக்கை பார்க்க வந்தோரே அதிகம். அறிஞர் கார்லைல் ஒருகாலத்தில் இருந்து எழுதிய மேசை விலைபோயிற்று. நூலாசிரியர்கள் தம் கையொப்பமிட்டு வைல்டுக்கு அன்பளித்த புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கட்டப்பட்டு அற்ப விலைக்குப் போயின. கையெழுத்துப் பிரதிகள் சில விலைபோகாமலே மறைந்தன. கூட்டத்தில் யாரோ எடுத்துச் சென்றனர். ஓவியர் உறொதென்ஸ்ரைன் ஒரு படத்தை வாங்கி வைத்திருந்து, பின்னர் அதை விற்று அந்தப் பணத்தை வைல்டுக்கு உதவினார் என்பது அந்நாளின் இருளிலே ஒரு சிறு வெளிச்சம். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது முந்நூறு பவுணும் தேறவில்லை. அந்த ஏலப் பட்டியலிலே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. விவியனுக்கு அப்போது எட்டு வயது. சிறுவர் இருவரும் பிற்பாடு தங்கள் பொம்மைகளையும் ரயில்களையும் கேட்டபோது தாயார் கலங்கியதை, 1954ஆம் ஆண்டில் வெளிவந்த தம் சுயசரிதையிலே விவியன் எழுதியிருக்கிறார்.

இந்த ஏலத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பகற்பொழுது ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலவில்லை. நான் கந்தோரில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு தீர்ப்புப் பணத்துக்காகப் பொருள் கைப்பற்றப் போன பிஸ்கால் உத்தியோகத்தருடன் எங்கள் கட்சிக்காரர் சார்பில் நானும் அனுப்பப்பட்டேன். பொருள்களைக் காட்டிக் கொடுத்துப் பட்டியல் எழுதுவது என் வேலை. படலையைத் திறந்து உள்ளே போன பிறகுதான் அது யாருடைய வீடு என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கீழ்வகுப்பிலே கணக்குக் கற்பித்த சட்டம்பியார் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். உறவினன் ஒருவனுக்குப் பிணை நின்று மாட்டிக்கொண்டவர் அவர். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஓர் அறிமுகக் குறி தோன்றியது. நான் தலையைக் குனிந்து, அலுமாரி ஒன்று, சுவர் மணிக்கூடு ஒன்று, தையல் மெசின் ஒன்று என்று எழுதத் தொடங்கினேன். வணக்கம் என்ற ஒரு சொல்லை அன்று என் வாயால் சொல்ல முடியவில்லை. பட்டியலைப் பிழையின்றிக் கூட்டிக் கொடுத்தேன். அந்தக் கூட்டல் அவர் கற்றுத் தந்தது.

வைல்டின் கதைக்குத் திரும்புவோம். முதல் விசாரணையில் ஜூரிமார் ஒருமனப்படவில்லை. இரண்டாம் விசாரணையில் குற்றவாளி எனக் கண்டு, மே 25ஆம் திகதி இரண்டு ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அவர் பென்ரன்வில் சிறையில் கயிற்றுப் புரி பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஜூன் மாதத்திலே, குவீன்ஸ்பெரி வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தார். 1883ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின்படி, தீர்ப்பான கடன் ஒன்றை உடையவர் அறிவித்தல் கொடுத்து, ஏழு நாளுக்குள் கடனாளி பணத்தை இறுக்காவிட்டால், அதுவே அவரை வங்குரோத்தாக்கக் கோருவதற்குப் போதுமான காரணம். ஐம்பது பவுண் கடன் இருந்தாலும் போதும். ஜூலை மாதத்தில் வைல்டின் ஆதனங்கள் நீதிமன்றின் உத்தியோகப் பொறுப்பாளரின் கைக்குச் சென்றன. வீட்டுத் தளபாடம் ஏற்கெனவே போய்விட்டது. எனவே எஞ்சியிருந்த ஆதனம் அவர் எழுதியவையே. நாடக உரிமை, பதிப்புரிமை, இனிமேல் அவற்றால் வரக்கூடிய பணம் எல்லாம் கதிரை மேசைகளைப்போலவே பட்டியலில் ஏறின.

கடன்களை எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 3,591 பவுண் ஆயிற்று. அதிலே மிகப் பெரிய பங்கு, 1,500 பவுணுக்கு மேற்பட்டது, விவாக ஆதனத் தருமகர்த்தர்களுக்கு உரியது. முன்னே நான் சொன்ன ஆயிரம் பவுணும் அதன் வட்டியுமே அது. மைத்துனருக்கு 500 பவுண். நாடக நடத்துனர் ஜோர்ஜ் அலெக்சாந்தருக்கு 400 பவுணுக்குச் சற்று மேல். பின் வியாபாரிகளின் சில்லறைப் பாக்கிகள். மைத்துனரும் தருமகர்த்தர்களும் வழக்குக்குப் போயிருக்கமாட்டார்கள். தையற்காரர் தவணை கொடுத்திருப்பார். இத்தனை கடனிலும் அவரை வங்குரோத்து மன்றுக்கு இழுத்தது பகைவருடைய அந்த 677 பவுண்தான். அதைக் கொடுத்துவிடுவதாகச் சொன்ன டக்ளஸ் குடும்பம் கொடுக்கவில்லை என்பதே வைல்டின் நெஞ்சிலே நெடுநாள் முள்ளாக இருந்தது. இதை அவருடைய சிறைக் கடிதத்தில் திரும்பத் திரும்பக் காணலாம். சிறை விதித்த நீதவானை அவர் அவ்வளவாக நொந்துகொள்ளவில்லை.

செப்ரெம்பர் 24ஆம் திகதி வங்குரோத்து மன்றில் விசாரணைக்குத் தவணை இருந்தது. நண்பர்கள் பணம் திரட்டுகிறார்கள், கடன்கள் தீர்க்கப்படலாம் என்று சொல்லப்பட்டதால் ஒத்திவைக்கப்பட்டது. திரட்டிய பணம் போதவில்லை. நவம்பர் 12ஆம் திகதி விசாரணை முடிந்து, வைல்ட் வங்குரோத்தாளர் என்பது உறுதியாயிற்று. சிறை உடையில் மெலிந்த உருவமாக, இரண்டு காவலர் நடுவே அவர் மன்றுக்குக் கொண்டுவரப்பட்டார். ஒருகாலத்தில் அவர் வாசலில் நின்றால் திரும்பிப் பார்க்காதவர் இல்லை. இப்போது அவரைக் கண்டவர்கள் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த மன்றின் நீண்ட, இருண்ட நடைவழியிலே ஒருவர் காத்து நின்றார். அவர் பெயர் றொபேட் றொஸ். கனடா நாட்டுப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்போது இருபத்தாறு வயது. வைல்ட் கைதானபோது பலரைப்போல அவரும் அஞ்சிப் பிரான்சுக்குச் சென்றவர்தான். வைல்டின் வழக்குச் செலவுக்கு றொஸின் தாயார் 500 பவுண் கொடுத்து, மகனை வெளியே அனுப்பினார். அவர் திரும்பி வந்து அந்த நடைவழியில் நின்றார். விலங்கிட்ட கையோடு தலை குனிந்து வைல்ட் கடந்து சென்றபோது, கூட்டத்தின் முன்னிலையில் றொஸ் தம் தொப்பியை எடுத்து மரியாதை செய்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் அங்கு இடமில்லை. கூட்டம் வாயடைத்து நின்றது. அதைவிடச் சிறிய காரியத்துக்காக மனிதர் மோட்சம் அடைந்திருக்கிறார்கள் என்ற கருத்துப்பட வைல்ட் பின்னாளில் எழுதினார். அந்தச் செயலைப் பற்றி றொஸிடம் ஒருநாளும் அவர் வாய்திறந்து பேசியதில்லை. அது ஒருபோதும் திருப்பிக் கொடுக்கமுடியாத கடன் என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தார்.

அந்த நவம்பர் மாதத்திலேயே வைல்ட் றீடிங் சிறைக்கு மாற்றப்பட்டார். வழியிலே கிளப்பம் சந்தி ரயில் நிலையத்தில் மழையில் அரைமணி நேரம் விலங்கோடு நிறுத்தப்பட்டு, கூடிநின்றவர்களின் ஏளனத்துக்கு ஆளானார். 1896 பெப்ரவரியில் தாயார் இறந்தார். அச்செய்தி வேறு யார் வாயாலும் கணவருக்குக் கேட்கக்கூடாது என்று எண்ணிய கொன்ஸ்ரன்ஸ், உடல்நலம் குன்றியிருந்தும் இத்தாலியிலிருந்து பயணஞ்செய்து வந்து தாமே சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டது அதுவே கடைசி.

அந்த நல்ல உறவையும் வங்குரோத்துப் பிணக்கு விட்டுவைக்கவில்லை. மனைவி முந்தி இறந்தால் அவருடைய சொத்தின் வருமானத்தைக் கணவர் ஆயுள்வரை அநுபவிக்கலாம் என்று விவாக உறுதியில் இருந்தது. அந்த ஆயுள் உரிமையும் வைல்டின் ஆதனமே ஆகையால், பொறுப்பாளர் அதை விற்பனைக்கு வைத்தார். கொன்ஸ்ரன்ஸ் அதை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சேர்க்க விரும்பினார். றொஸும் மோர் ஏடி என்ற நண்பரும் வைல்டுக்கு ஏதேனும் மிஞ்சவேண்டுமே என்ற நல்லெண்ணத்தால் எதிர்த்துக் கேட்டனர். 25 பவுணில் முடியவேண்டியது 75 பவுணுக்கு ஏறியது. கொன்ஸ்ரன்ஸ் மனம் முறிந்தார். வைல்டும் நண்பர்களை வெகுவாகக் கடிந்துகொண்டார். நண்பர்கள் செய்தது பிழை என்றே நான் எண்ணுகிறேன். அன்புள்ளவர்கள் செய்த பிழையானாலும் பிழை பிழைதான். முடிவில் 1897ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி வைல்டுக்கு ஆண்டுக்கு 150 பவுண். ஒழுக்கமற்றவரென்று கருதப்படுவோருடன் சேர்ந்து வாழ்ந்தால் அதுவும் இல்லை. பிள்ளைகளின் பொறுப்பு தாயாருக்கும் அவருடைய உறவினர் ஒருவருக்கும். பிள்ளைகள் அதற்கு முன்னரே ஹொலன்ட் என்ற வேறு குடும்பப் பெயரைப் பூண்டுவிட்டனர்.

1897 மே 19ஆம் திகதி வைல்ட் விடுதலையானார். அன்றிரவே கடல் கடந்து பிரான்சின் டியெப் துறைமுகத்தில் இறங்கினார். றொஸ் அங்கே காத்திருந்தார். இனி எழுதிச் சம்பாதித்தால் ஆகாதா என்று கேட்கலாம். விடுவிக்கப்படாத வங்குரோத்தாளர் சம்பாதிக்கும் எதையும் பொறுப்பாளர் உரிமை கோரலாம். இங்கிலாந்திலே தம் நிலையைச் சொல்லாமல் இருபது பவுணுக்குக் கடன் வாங்கினாலும் அது அக்காலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. முந்திய நாடகங்களுக்குள் இரண்டின் உரிமையை ஜோர்ஜ் அலெக்சாந்தர் வங்குரோத்து ஆதனத்திலிருந்து வாங்கிவிட்டார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் வைல்ட் மீண்டும் டக்ளஸோடு கூடினார். மனைவி தந்த உதவிப்பணமும் நின்றது. 1898 பெப்ரவரியில் றீடிங் சிறையைப் பற்றிய நெடும்பாடல், ஆசிரியர் பெயருக்குப் பதிலாகச் சிறை அறையின் இலக்கத்தைத் தாங்கி வெளிவந்து, மிக வேகமாக விற்பனையாயிற்று. அதை அச்சிட்ட சிமிதேர்சும் இரண்டு ஆண்டில் வங்குரோத்தானது விதியின் விளையாட்டு. அவ்வாண்டு ஏப்பிரிலில் கொன்ஸ்ரன்ஸ் ஜெனோவா நகரில் சத்திர சிகிச்சையின் பின் இறந்தார்.

கடைசி ஆண்டுகளை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. செபஸ்ரியன் மெல்மத் என்ற பொய்ப் பெயர், மலிவான விடுதிகள், கண்டவரிடமெல்லாம் கைநீட்டல், ஒரே நாடகக் கருவைப் பலருக்கு விற்றல். கண்ணியமான கடனாளிக்கும் கடைசியில் நேரும் இழிவு அது. 1900 நவம்பர் 30ஆம் திகதி பாரிஸ் நகரில் அல்சாஸ் விடுதியிலே உயிர் நீங்கியது. வயது நாற்பத்தாறு. விடுதிச் சொந்தக்காரர் டுப்புவாரியே வாடகை பாக்கி நிற்கவும் வைத்தியச் செலவையும் தாமே தாங்கிய புண்ணியவான். நோயில் கிடந்தபோது வைல்ட் தமக்கு நானூறு பவுணுக்குமேல் கடன் இருப்பதாகச் சொல்லி, இயலுமானால் தாம் இறந்த பிறகு சிலருக்காவது கொடுத்துவிடும்படி றொஸை வேண்டிக்கொண்டார். குவீன்ஸ்பெரி அதே ஆண்டு ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார். கேட்டவரும் இல்லை, கொடுக்கவேண்டியவரும் இல்லை. கடன்மட்டும் புத்தகத்தில் இருந்தது.

றொஸ் அந்த வேண்டுகோளை மரணப் படுக்கைப் பேச்சென்று விட்டுவிடவில்லை. முதலில் விடுதிக்காரரின் பாக்கியைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத் தீர்த்தார். பின்னர் இலண்டனில் உத்தியோகப் பொறுப்பாளரை அணுகினார். வைல்டின் நூல்களுக்கு ஒரு பெறுமதியும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று அங்கே சொல்லப்பட்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கந்தோர்க்காரர் ஏளனமாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஐந்தொகைப் புத்தகம் காட்டியதைச் சொன்னார். ஆனால் ஐந்தொகைக்குத் தெரியாத காரியங்கள் அப்போது ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்தன. சலோமி நாடகம் அங்கே மேடையேறிப் பெரும் வரவேற்புப் பெற்றது. 1905 டிசம்பரில் றிச்சட் ஸ்ராவுஸ் அதை இசைநாடகமாக்கி டிரெஸ்டன் நகரில் அரங்கேற்றினார். அவ்வாண்டு பெப்ரவரியில், வைல்டின் சிறைக் கடிதத்திலிருந்து டக்ளஸைப் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டு, மெதுவன் பதிப்பகத்தின் மூலம் றொஸ் வெளியிட்டார். பெயரைச் சொல்லக் கூசிய அதே இலண்டனில் அந்நூல் பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றது. கடனுக்காக அழுது எழுதிய கடிதமே கடனைத் தீர்க்க உதவியது. வந்த பணம் றொஸின் பைக்குப் போகவில்லை, பொறுப்பாளரிடம் போயிற்று.

1906ஆம் ஆண்டில் கடன்கள் யாவும் பவுணுக்கு இருபது சிலிங் வீதம் முழுமையாகவும், நூற்றுக்கு நான்கு வட்டியோடும் தீர்ந்தன. வங்குரோத்து இரத்தாயிற்று. வங்குரோத்துக்காரர் ஆதனத்தில் பவுணுக்கு ஐந்து சிலிங் கிடைத்தாலே கடன் கொடுத்தவர் கும்பிட்டுப் போவார். கடனாளி இறந்த பிறகு, வட்டியோடு, முழுத்தொகை என்பது எங்கள் கந்தோரில் யாரும் கண்டறியாதது. அவ்வாண்டிலே நீதிமன்றம் றொஸை வைல்டின் இலக்கிய ஆதன நிர்வாகியாக ஏற்றுக்கொண்டது. அவர் திருட்டுப் பதிப்புகளை அடக்கி, சிதறிய பிரதிகளைத் தேடி, 1908ஆம் ஆண்டில் நூற்றொகுதியை வெளியிட்டார். அதன் பலன் சிறிலுக்கும் விவியனுக்கும் சேர்ந்தது. சிறில் 1915ஆம் ஆண்டில் பிரான்சில் போர்முனையில் மடிந்தார். விவியன் 1967 வரை வாழ்ந்து தந்தையின் பெயரை நிலைநாட்டினார்.

ஜோர்ஜ் அலெக்சாந்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1895இல் நாடகத்தை நடத்திக்கொண்டே விளம்பரத்திலிருந்து ஆசிரியரின் பெயரை நீக்கியவர் அவர். பின்னர் பிரான்சின் தென்கரையில் வைல்டைக் கண்டும் நின்று பேசாமல் சயிக்கிளில் போய்விட்டார். வைல்டின் கடைசி ஆண்டிலே அவரே பாரிசுக்குத் தேடிவந்து, தாம் வாங்கிய நாடகங்களுக்காக மாதந்தோறும் பணம் தருவதாகச் சொன்னார். 1918இல் தாம் இறக்கும்போது அந்த உரிமைகளை வைல்டின் குடும்பத்துக்கே எழுதிவைத்தார். பட்டியலைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வந்த நான், அந்த மனிதரைப் பற்றி வாசிக்கும்போது சிறிது ஆறுதல் கொள்கிறேன். என் சட்டம்பியார் வீட்டுக்கு மறுபடியும் போகவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் காலமாகிவிட்டார்.

வைல்டின் உடல் முதலில் பாரிசின் புறத்தேயுள்ள பாஞ்ஞே மயானத்தில் எளிய குழி ஒன்றிலே அடக்கப்பட்டிருந்தது. கடன் தீர்ந்த பின், 1909இல், றொஸ் அதனை நகரின் பெரிய மயானமாகிய பெயர் லஷேசுக்கு மாற்றுவித்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி கொடுத்த இரண்டாயிரம் பவுணைக்கொண்டு சிற்பி எப்ஸ்ரைன் அங்கே சிறகு விரித்த உருவமொன்றைக் கல்லிற் செதுக்கினார். அந்தக் கல்லறைக்குள் தம்முடைய சாம்பலுக்கும் ஒரு சிறு இடம் விடும்படி றொஸ் சொல்லிவைத்தார். அவர் 1918 ஒக்டோபரில், ஐம்பது வயது நிரம்புமுன் இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1950ஆம் ஆண்டில், அவருடைய சாம்பல் அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டது.